ராத்திரி 2 மணிக்கு ஸ்விட்ச் என்ன சொல்லுது?

1964-ல அம்பத்தூர் எஸ்டேட் ஆரம்பிச்சப்போ அங்க லேத் சத்தமும் பிரஸ் சத்தமும்தான். இன்னைக்கு அதே அம்பத்தூர்ல டேட்டா சென்டர்களும் நிக்குது. ஆவடி, பூந்தமல்லியிலிருந்து நைட் ஷிஃப்டுக்குக் கிளம்புற சிலருக்கு வேலையே, ஸ்கிரீன்ல ஓடுற லாக் வரிகளைப் பார்க்கிறதுதான். அந்த வரியை எப்படிப் படிக்கிறது, எதுக்கு சீனியரை எழுப்புறது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

சிஸ்கோ ஸ்விட்ச்சை எடுத்துக்குவோம். மெசேஜ் சதவீதக் குறியோட ஆரம்பிக்கும்: %லிங்க்-3-அப்டவுன். இதுல மூணு துண்டு இருக்கு. முதல் துண்டு, எந்தப் பகுதி பேசுதுன்னு சொல்லும். நடுவுல இருக்கிற எண், எவ்வளவு அவசரம்னு சொல்லும். கடைசித் துண்டு, நடந்த விஷயம். அதுக்குப் பிறகு, எந்த போர்ட், என்ன ஆச்சுன்னு ஒரு வாக்கியம் வரும்.

எண் 0-லிருந்து 7 வரைக்கும். கிளாஸ்ல ரேங்க் மாதிரி, எண் குறையக் குறைய விஷயம் பெருசு. 0-ன்னா சிஸ்டமே பயன்படாத நிலை. 3 எரர், 4 வார்னிங், 5 சும்மா தெரியப்படுத்துறது, 7 டீபக்.

ஆனா எண்ணை மட்டும் நம்பாதீங்க. சாயங்காலம் ஒருத்தர் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டுக் கிளம்பினாலும் 'லிங்க்-3' வரலாம். பேரு எரர், யாரையும் எழுப்ப வேண்டாம். அதே மெசேஜ் அப்லிங்க் போர்ட்ல வந்தா ஒரு மாடிக்கே நெட் போயிருக்கலாம்.

'மேக்ஃபிளாப்' மெசேஜுக்கு எண் 4தான். ஒரே மெஷினோட மேக் அட்ரஸ் ரெண்டு போர்ட்ல மாறி மாறித் தெரியுதுன்னு அர்த்தம். வைஃபைல இருக்கிற போன் இடம் மாறினாலும் இது வரும். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா லூப்பைச் சந்தேகப்படுங்க. யாரோ ஒரு கேபிளோட ரெண்டு முனையையும் மேஜைக்கடியில இருக்கிற சின்ன ஸ்விட்ச்லயே சொருகியிருக்கலாம். பாக்கெட்டுகள் சுத்திச் சுத்தி மொத்த நெட்வொர்க்கையும் படுக்க வச்சிடும்.

எண், ஸ்விட்ச்சுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். போர்ட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நமக்குத்தான் தெரியணும். அதனால ஒவ்வொரு போர்ட்டுக்கும் பேர் எழுதி வைங்க.

அடுத்தது 'எரர்-டிஸேபிள்'. ஆபத்துன்னு நினைச்சு ஸ்விட்ச்சே போர்ட்டை மூடிடுச்சு. 'ஷட், நோ ஷட்' அடிச்சா லைட் பச்சையாகும். காரணம் அப்படியே இருந்தா திரும்பவும் மூடிக்கும். காரணம் பெரும்பாலும் அந்த வரியிலயோ அதுக்கு மேல் வரியிலயோ இருக்கும். முதல்ல அதைப் படிங்க.

நேரத்தையும் பாருங்க. லாக்ல தேதிக்கு முன்னாடி நட்சத்திரக் குறி போட்டு மார்ச் 1-ன்னு இருந்தா, கடிகாரம் செட் ஆகலைன்னு அர்த்தம். நிறைய சிஸ்கோ ஸ்விட்ச்கள் 1993 மார்ச் 1-லிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும். இது சின்ன விஷயம் இல்ல. 2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, கம்பெனிகள் லாக்கை 180 நாள் வச்சிருக்கணும். கடிகாரத்தை அரசு நேர சர்வரோட ஒத்துப்போக வைக்கணும். நேரம் தப்பா இருந்தா, எது முதல்ல விழுந்துச்சுன்னே சொல்ல முடியாது.

அடுத்த தடவை சீனியருக்கு போன் போடும்போது "சார், நெட் போச்சு"ன்னு நிறுத்தாதீங்க. எந்த ஸ்விட்ச், எந்த போர்ட், அதுல என்ன சொருகியிருக்கு, முதல் மெசேஜ் எத்தனை மணிக்கு, எத்தனை தடவை. இந்த அஞ்சையும் சொல்லுங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும்.