மடங்கிய விரல்களை நிமிர்த்திய வேலூர்: ஜவ்வாது மலைக்கு அருகே உருவான அறுவை சிகிச்சைப் பள்ளி!

ஜவ்வாது மலையில் சாமை அறுப்பவர்களின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? இடது கை விரிந்து தாள்களை அள்ளிச் சேர்க்கும். வலது கை அரிவாள் பிடியைச் சுற்றி இறுகும். விரல் முதலில் அகல விரிய வேண்டும், பிறகு அடிக்கணுவில் மடங்க வேண்டும், கடைசியில்தான் நுனி மூட வேண்டும். ஒரு நாளில் ஆயிரம் முறை செய்கிற இந்த வேலையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அது நின்றுபோகும்வரை!

தொழுநோய் கையைத் தாக்கும்போது நின்றுபோவது இதுதான். விரல்களின் நடுக்கணு முதலிலேயே மடங்கிவிடும். அடிக்கணு பின்னால் வளையும். கை பறவையின் நகம்போல ஆகிவிடும். அரிவாளைப் பிடிக்கப் போனால் விரல்களே அதை வெளியே தள்ளும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதும் கஷ்டம்.

இப்படி மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் திறக்கலாம் என்று உலகத்துக்கு முறையாகக் காட்டிய இடம் லண்டனோ நியூயார்க்கோ இல்லை. ஜவ்வாது மலைத்தொடருக்கு வடக்கே இருக்கும் வேலூர். காட்டியதோடு நிற்காமல், அதைச் செய்யும் மருத்துவர்களையும் அங்கேயே உருவாக்கினார்கள்.

கொல்லிமலையில் பிறந்தவர்

பால் பிராண்ட் பிறந்தது 1914-ல், கொல்லிமலையில். பெற்றோர் ஆங்கிலேயர்கள். அங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மருத்துவமும் பள்ளியும் கொண்டுபோனவர்கள். (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கொல்லிமலை, கல்வராயன்மலை, பச்சைமலை, ஏலகிரி, ஜவ்வாது மலை என்று வட தமிழகத்து மலைகளெங்கும் வாழும் தமிழ் பேசும் மக்கள் இவர்கள்.) ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்ட பால், அப்பாவை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. 1929-ல் அப்பா காய்ச்சலில் இறந்தார். அம்மா ஈவ்லின் மலைமக்களைக் கைவிடவில்லை. கடைசிக் காலத்தை மலைக்கிராமங்களில் கழித்து, 1974-ல், 95 வயதில் இறந்தார்.

பால் முதலில் டாக்டராக ஆசைப்படவில்லை. தச்சு வேலையும் கட்டட வேலையும் முறையாகக் கற்றவர். பிறகுதான் லண்டனில் மருத்துவம், அறுவை சிகிச்சை. இந்தத் தச்சுப் பழக்கம் பின்னால் வேலூரில் எவ்வளவு உதவியது என்பதைப் பார்த்தால், வாழ்க்கையில் கற்ற எதுவும் வீண்போகாது என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்னது சரிதான் போல.

அவர் வேலூர் வந்ததற்கு ஒரு நெருக்கடியும் காரணம். ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1942-ல் எம்.பி.பி.எஸ் கல்லூரியாக உயர்ந்திருந்தது. அந்த அந்தஸ்து நிலைக்க, உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். அவர்களைத் தேடும் பொறுப்பில் இருந்தவர் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன். அவருடைய அழைப்பில், 1946 கடைசியில் சி.எம்.சி-க்கு வந்து சேர்ந்தார் பிராண்ட். கொஞ்ச நாள் பாடம் நடத்திவிட்டுத் திரும்பலாம் என்றுதான் நினைத்தார். தங்கியது ஏறக்குறைய இருபது வருடங்கள்!

ஒரு கைகுலுக்கல்

1947-ல் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். எலும்பு முறிவு, போலியோ என்று ஊனங்களுக்கெல்லாம் அறுவை சிகிச்சை செய்கிறீர்களே, இவ்வளவு கைகள் இப்படிக் கிடக்க ஒருவரும் ஏன் தொடவில்லை என்பது காக்ரேனின் கேள்வி.

அங்கே மடங்கிய விரல்களோடு நின்ற ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, "அழுத்துங்கள்" என்றார் பிராண்ட். வலுவே இருக்காது என்று நினைத்தவருக்கு வலி தாங்கவில்லை. அவ்வளவு இறுக்கம்! கை செத்துப்போகவில்லை, சில தசைகள் மட்டும்தான் செயலிழந்திருக்கின்றன என்பது அந்த நொடியில் புரிந்தது.

முழங்கையில் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஷாக் அடிக்கும் அல்லவா? அந்த நரம்பு அங்கே தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ச்சியான பகுதிகள்தான் பிடிக்கும். அதனால் அந்த இடத்தில் நரம்பைக் கெடுக்கிறது; மணிக்கட்டில் இன்னொரு நரம்பை. உள்ளங்கையின் சின்னத் தசைகள் படுத்துவிடுகின்றன. முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் பல தப்பித்துவிடுகின்றன.

ஆக, உயிரோடு இருக்கும் தசையைக் கடன் வாங்கலாம். ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. அதில் ஒன்றை எடுத்து நான்காகப் பிரித்து, உள்ளங்கை வழியாக நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைக்கலாம். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றையும் இதற்குப் பயன்படுத்தினார் பிராண்ட். முறையின் மூலம் அவருடையதல்ல. போலியோவிலும் காயங்களிலும் மேல்நாட்டில் செய்துகொண்டிருந்ததுதான். ஆனால் தொழுநோயாளியின் சதை ஆறாது, தையல் பிடிக்காது என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பொது மருத்துவமனைகள் அவர்களைப் படுக்கவைக்கவே தயங்கின. வேலூரில் செய்துபார்த்தார்கள். காயம் ஆறியது. விரல் நிமிர்ந்தது. 1952-ல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியில் பிராண்ட் இதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார்.

கத்திக்கு அப்பால்

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. தசையை இடம் மாற்றிவிட்டால் மட்டும் கை வேலை செய்யாது. நேற்றுவரை நடுவிரலை மடக்கிய தசை, இன்று நான்கு விரல்களை வேறு மாதிரி மடக்க வேண்டும். மூளைக்கு அது தெரியாது! மூன்று வாரம் மாவுக்கட்டு. பிரித்த பிறகு பல வாரங்கள் தினமும் பயிற்சி. அதற்கு முன்பே, இறுகிப்போன மூட்டுகளை எண்ணெய் தடவி, நீவித் தளர்த்த வேண்டும். பிசியோதெரபிஸ்ட் இல்லாத இடத்தில் சர்ஜன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை. அந்தத் துறையை வேலூரில் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர், சீனாவிலிருந்து வெளியேற நேர்ந்து இங்கே வந்த ரூத் தாமஸ்.

அடுத்த பாடத்தை நோயாளிகள் கற்றுக்கொடுத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து போன ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கைகளை வைத்துக்கொண்டு பிச்சை எடுக்க முடியவில்லை என்றாராம். கையைப் பார்த்து யாரும் இரக்கப்படவில்லை. நோயைப் பார்த்து யாரும் வேலையும் கொடுக்கவில்லை. பிராண்ட் பல இடங்களில் சொல்லியிருக்கும் சம்பவம் இது. அதன் பிறகுதான் கல்லூரி வளாகத்தில் 'நவஜீவ நிலையம்' வந்தது. குடிசைகளும் ஒரு தச்சுப் பட்டறையும். கற்றுக்கொடுத்தவர்? பழைய தச்சர்தான்!

அந்தப் பட்டறையில்தான் பெரிய உண்மை ஒன்று வெளியானது. விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் அடிபட்டு, சுட்டு, புண்ணாகிக் குறைகின்றன. துருப்பிடித்த பூட்டை டாக்டரால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் அநாயாசமாகச் சாவியைத் திருப்பினான். அவன் விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரியில் சிலருக்கு விரல் காணாமல் போனதற்குக் காரணம் எலி என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? ஆளுக்கொரு பூனை!

எந்தப் புண் எதனால் வந்தது என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்ப்பது, கருவிகளின் பிடியை மாற்றுவது, பாதத்துக்கு ஏற்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு தைப்பது எல்லாமே பயிற்சியின் பாடங்களாயின. 1955-ல் வேலூருக்கு வெளியே, பொட்டல் காடாகக் கிடந்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வந்தபோது, சர்ஜன்களோடு பிசியோதெரபி டெக்னீஷியன்களும் செருப்புத் தைப்பவர்களும் களப்பணியாளர்களும் அங்கே பயின்றார்கள். பிராண்டிடம் பயின்ற எர்னஸ்ட் ஃபிரிட்ஷி பின்னால் கரிகிரியின் இயக்குநராகி, இந்த அறுவை சிகிச்சை பற்றிப் பாடநூல் எழுதினார். அந்தப் பொட்டலில் மரம் நட்டுக் காடாக்கியவரும் அவர்தான்.

இன்னொரு மாணவியைச் சொல்லாமல் போக முடியாது. மேரி வர்கீஸ். 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் மருத்துவர். நின்றுகொண்டு செய்யும் அறுவை சிகிச்சை இனி முடியாது. ஆனால் கை அறுவையை உட்கார்ந்து செய்யலாமே! சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தினார் மேரி. பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் சி.எம்.சி-யில் அதற்கான துறைக்குத் தலைவரானார்.

அதே வளாகத்தில் 1949-ல் ஜேக்கப் சாண்டி, நாட்டின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கியிருந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நரம்பியல் அறுவைக்கான பட்டப் பயிற்சியும் அங்கே வந்துவிட்டது. பெருநகரங்களை விட்டு ஒரு மாவட்டத் தலைநகரில் இதெல்லாம் எப்படி நடந்தது? நோயாளிகள் அங்கே இருந்தார்கள் என்பது ஒரு பதில். கற்றுக்கொடுக்க வந்தவர்கள் வருடக்கணக்கில் தங்கினார்கள் என்பது இன்னொன்று. வாரக் கடைசியில் வந்து நூறு பேருக்கு ஆபரேஷன் செய்துவிட்டு விமானம் ஏறும் முகாம்களால் அந்த நூறு பேருக்குப் பலன் உண்டு. நூற்றியோராவது ஆளுக்கு?

வேலூர் அனுபவம் கடல் தாண்டியும் போனது. 1965-ல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்காவுக்கான தொழுநோய்ப் பயிற்சி மையம் உருவானதில் பிராண்டின் பங்கு உண்டு. இங்கே சென்னை ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி கை அறுவைக்கென்றே தனித் துறையை உருவாக்கினார்.

இப்போது என்ன சிக்கல்?

1980-களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் மாத்திரை, கிருமி காலி. 2005 கடைசியில், தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆனால் நோய் நீங்கிவிடவில்லை. இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் இங்கே கண்டறியப்படுகிறார்கள். உலகக் கணக்கில் பாதிக்கும் மேல்.

மாத்திரை கிருமியைக் கொல்லும். மடங்கிய விரலை நிமிர்த்தாது. அதற்கு இன்னமும் சர்ஜன்தான் வேண்டும். நோயாளிகள் ஊருக்கு ஒருவராகச் சிதறிவிட்டதால், ஒரு முதுநிலை மாணவர் தன் படிப்புக் காலத்தில் இப்படி ஒரு கையைப் பார்க்காமலேயே போகலாம். பார்க்காத கைக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது? அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் நோயாளிக்கு அரசு ஊக்கத்தொகை தருகிறது. செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போனால் அந்தப் பணத்தால் ஆவதென்ன?

ஜவ்வாது மலைக்காரருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஒருபக்கம் இறங்கினால் போளூர், மறுபக்கம் ஆலங்காயம் வழியாக வாணியம்பாடி. இந்த மலையின் காவலூரில் நட்சத்திரங்களைப் பார்க்க 1986-லேயே 93 அங்குலத் தொலைநோக்கி வந்துவிட்டது; சிறப்பு அறுவை சிகிச்சைக்கு இன்றும் மலையிறங்கத்தான் வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய பயிற்சி, மாவுக்கட்டு, அதற்குப் பிறகான பயிற்சி என்று சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு மேல். தினக்கூலியை விட்டுவிட்டு, ஆட்டையும் மாட்டையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு யார் வருவார்கள்? பிசியோதெரபி தெரிந்த ஒருவர் மலையிலேயே இருந்தால் இந்த இரண்டு மாதம் மூன்று, நான்கு வாரமாகச் சுருங்க வாய்ப்புண்டு.

அறுவை சிகிச்சைவரை போகாமலேயே தப்பிக்கவும் ஒரு வழி இருக்கிறது. நிறம் வெளுத்த அல்லது சிவந்த தேமல், அதில் தொடு உணர்ச்சி இல்லை என்றால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மாத்திரை முழுக்க இலவசம். சுண்டுவிரல் மரத்துப்போவது, சட்டைப் பொத்தான் போட வராமல் தடுமாறுவது எல்லாம் நரம்பு கெடத் தொடங்கியதன் அடையாளங்கள். ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் ஸ்டீராய்டு சிகிச்சையில் பலருக்கு அந்த நரம்பு திரும்பிவிடுகிறது.