அமெரிக்க மேற்படிப்பு – 8: கட்டணத் தள்ளுபடி யாருக்கு?

சென்ற வாரம் ஐ-20 படிவத்துக்காக வங்கியில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்று பார்த்தோம். அந்தத் தொகையைக் கண்டு மலைத்து நிற்கும் குடும்பங்களுக்கு ஆறுதலாக வந்து சேரும் பேச்சு ஒன்று உண்டு. “முதல் செமஸ்டர் ஃபீஸை மட்டும் எப்படியாவது கட்டிடுங்க அங்கிள், போனதும் டி.ஏ. பிடிச்சுக்கலாம்.” சீனியர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். பல படிப்புகளுக்கு அது உண்மையும்கூட. எந்தப் படிப்புகளுக்கு அது பொருந்தாது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.

பாடம் நடத்தவும் விடைத்தாள் திருத்தவும் துணை நிற்பவர் டி.ஏ. பேராசிரியரின் ஆய்வில் வேலை பார்ப்பவர் ஆர்.ஏ. நிர்வாகப் பிரிவுகளில் பணியாற்றுபவரை ஜி.ஏ. என்பார்கள். இந்த உதவியாளர் பணிகளில் வாரம் 20 மணி நேர வேலை என்றால் 50 சதவீத நியமனம். மாதாமாதம் வரும் உதவித்தொகை பெரும்பாலும் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். பெரிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது: கல்விக் கட்டணத் தள்ளுபடி.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 25 முதல் 67 சதவீதம் வரையிலான உதவியாளர் நியமனம் கிடைத்தால் கட்டணத் தள்ளுபடியும் சேர்ந்து வரும். பருவத்தில் குறைந்தது 91 நாள் பணியில் இருக்க வேண்டும். எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது என்பதால் நம் பிள்ளைகளுக்கு 50 சதவீதமே உச்சவரம்பு. இதுவரை நல்ல செய்தி. ஆனால் அதே வளாகத்தில் தன்னிறைவுத் திட்டம், செலவு மீட்புத் திட்டம் என்று வகைப்படுத்தப்பட்ட படிப்புகள் இருக்கின்றன. தொழில்முறை முதுகலைப் படிப்புகள் பல இந்த வகையில்தான் வருகின்றன. இவற்றில் சேர்ந்தவர்களுக்கு வழக்கமான உதவியாளர் தள்ளுபடி கிடையாது. பக்கத்துத் துறையில் முதுகலை படிக்கும் அறைத் தோழர் பெறும் சலுகை, அதே தகுதியும் அதே உழைப்பும் இருந்தாலும் இவருக்குக் கிடைக்காது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஆய்வுப் பட்டம் படிப்பவரின் சம்பளமும் கட்டணமும் துறையின் கற்பித்தல் நிதியிலிருந்தோ பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்தோ வருகின்றன. தொழில்முறைப் படிப்பு அப்படியல்ல. ஆசிரியர் சம்பளம், அலுவலகச் செலவு எல்லாமே மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான் நடக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பின் தன்னிறைவுத் திட்டங்களில் மாநில அரசு நிதியைத் தொடவே கூடாது என்பது விதி. ஒருவருக்குக் கட்டணத்தைத் தள்ளினால் அந்தத் திட்டத்தின் வருமானத்தில் அவ்வளவும் ஓட்டை. ஆகவே கதவை முதலிலேயே சாத்திவிடுகிறார்கள்.

இதில் பல்கலைக்கழகங்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. வெளிநாட்டு மாணவரின் முழுக் கட்டணத்தை நம்பியே இத்தகைய படிப்புகள் பலவற்றை நடத்துகிறார்கள். ஆனால் தள்ளுபடி இல்லை என்ற செய்தி அனுமதிக் கடிதத்தில் முதல் வரியாக வருவதில்லை. விதிமுறைப் பக்கத்தின் அடியில் எங்கோ இருக்கும்.

தள்ளுபடி எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே படிப்பவர்களுக்குத் தெரியும். இல்லினாயில் மாணவ ஊழியர் சங்கம் 2009-லும் 2018-லும் வேலைநிறுத்தம் செய்தது. இரண்டிலும் மையப் பிரச்சினை தள்ளுபடிதான். இனி வரும் மாணவர்களுக்கு அதைக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் 2018 பிப்ரவரிக் குளிரில் வகுப்புகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகவும் நின்ற அந்தப் பிள்ளைகளை நான் மதிக்கிறேன்.

சரி, தொழில்முறைப் படிப்பில் சேர்ந்தவர் வேலையே பார்க்க முடியாதா? பார்க்கலாம். பல இடங்களில் மணிக்கணக்குச் சம்பளத்தில் வளாக வேலை கிடைக்கும். ஒரு பேச்சுக்கு மணிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 20 மணி நேரம், 16 வாரப் பருவம் என்றால் வரிக்கு முன்னால் 4,800 டாலர். கைச்செலவுக்கு உதவும், கல்விக் கடனை அடைக்காது. வீட்டில் போடும் கணக்கில் இந்தத் தொகையை மட்டும் எழுதுங்கள், தள்ளுபடியை எழுதாதீர்கள்.

மருத்துவம், சட்டம் போன்றவை தனி உலகம். சட்டக் கல்லூரி மாணவர் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே ஒரு விதி வைத்திருந்தது. 2014-ல்தான் அதை எடுத்தார்கள். மருத்துவத்தில் எம்.டி.யும் பி.எச்டி.யும் சேர்த்துப் படிக்க, தேசிய சுகாதார நிறுவனம் 1964 முதல் நிதி தருகிறது. தொழில்முறைப் பட்டத்தின் ஆண்டுகளுக்கும் கட்டணமும் உதவித்தொகையும் கிடைக்கும் அரிய ஏற்பாடு அது. ஆனால் அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே.

ஆகவே அட்மிட் வந்ததும் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். “ஃபண்டிங் கிடைக்குமா?” என்று பொதுவாகக் கேட்டால் “வாய்ப்புகள் உள்ளன” என்றே பதில் வரும். கேள்வியைக் கூர்மையாக்குங்கள். இந்தப் படிப்பு தன்னிறைவுத் திட்டமா? வேறு துறையில் எனக்கு உதவியாளர் பணி கிடைத்தால் இந்தப் படிப்பின் கட்டணம் தள்ளுபடி ஆகுமா? முழுவதுமா, ஒரு பகுதியா? கலிஃபோர்னியாவில் தொழில்முறைப் படிப்புகளுக்கென்று வழக்கமான கட்டணத்துக்கு மேல் தனிக் கட்டணம் ஒன்று இருக்கிறது. அதுவும் தள்ளுபடி ஆகுமா என்று தனியே கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். தொலைபேசியில் சொன்னது பிற்பாடு செல்லாது.

நேரம் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். நிதியுதவியோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கின்றன. நிதியுதவி இல்லாத தொழில்முறைப் படிப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முன்பணம் கட்டச் சொல்லி அதற்கு முன்பே கெடு வைக்கலாம். அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது. அங்கே போன பிறகு ஆய்வுப் பட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், பெரும்பாலும் புதிதாக விண்ணப்பித்து மற்றவர்களோடு மறுபடி போட்டியிட வேண்டியிருக்கும். அதற்குள் முதல் ஆண்டுக் கட்டணம் முழுவதும் போயிருக்கும்.

(தொடரும்)