பெருமூச்சுக் கணவாய்க்கு அப்பால்

பயணம் அறிவின் வாயில். பூமியில் சுற்றி வந்து, முன் வாழ்ந்தோரின் நிலையை எண்ணிப் பார்க்குமாறு திருமறை பல இடங்களில் பணிக்கின்றது. அப்பணியைத் தலைமேற்கொண்டு வாழ்நாளின் பெரும்பகுதியை வழிநடையில் கழித்தவர் மொராக்கோ நாட்டு இப்னு பதூதா. 14-ஆம் நூற்றாண்டில் நம் மதுரையைக் கண்ட அவர், 1350-ஆம் ஆண்டளவில் ஸ்பெயினின் தென்பகுதியிலுள்ள கிரனாடாவையும் கண்டார். இந்தியாவிலிருந்து சென்று அந்நகரில் தங்கியிருந்த ஃபக்கீர்கள் இருவரைப் பற்றியும் அவரது பயண நூல் குறிப்பிடுகின்றது. மதுரையைக் கண்ட கண்கள் கண்ட அந்தக் கிரனாடாவுக்கு இன்று செல்வோர் எதைக் காண்கின்றனர், எதைக் காணாமலே திரும்புகின்றனர் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டம் நிறைந்த குன்று

கிரனாடா என்றதும் நினைவுக்கு வருவது அல்ஹம்ரா. நஸ்ரிய சுல்தான்கள் எழுப்பிய இவ்வரண்மனைக் கோட்டையை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆண்டுதோறும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வருகின்றனர். மாளிகைகளுக்குள் நுழைய வேண்டிய நேரம் நுழைவுச்சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஒரு தூணின் எழுத்தணியை நின்று நோக்குவதற்குள் பின்னால் வருவோர் நம்மை முன்னே தள்ளிவிடுவர்.

1492-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் கடைசி சுல்தான் அபூ அப்துல்லாஹ் இந்நகரை ஒப்படைத்துவிட்டுத் தெற்கு நோக்கிச் சென்றார். அவ்வழியிலுள்ள ஒரு கணவாயில் திரும்பிப் பார்த்துப் பெருமூச்செறிந்தார் என்பது கதை. அவ்விடத்துக்கு இன்றும் 'மூரின் பெருமூச்சு' என்றே பெயர். அந்தலுஸைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோரும் பெரும்பாலும் அப்பெருமூச்சோடு பேச்சை முடித்துவிடுகின்றனர். ஆயின் சாலை அங்கு முடியவில்லை. அரசர் நாட்டை இழந்தார். மக்கள் எங்கே போயினர்? இவ்வினாவுக்கு விடை அக்கணவாய்க்கு அப்பால் இருக்கின்றது.

மலையில் மறைந்த ஊர்கள்

சியர்ரா நெவாடா என்னும் பனிமலையின் தென்சரிவே அல்புஹாரா. இம்மலையின் உச்சியான முலாத்தென் 3,479 மீட்டர் உயரமுடையது. ஐபீரியத் தீபகற்பத்தில் இதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. அபூ அப்துல்லாஹ்வின் தந்தை மௌலாய் ஹஸனின் பெயரே மருவி இச்சிகரத்தின் பெயராயிற்று.

கிரனாடாவின் முஸ்லிம் குடிகள் இச்சரிவில் உழுதும், முசுக்கொட்டை வளர்த்துப் பட்டு எடுத்தும் வாழ்ந்தனர். சமய உரிமை தருவதாக 1492-இல் அளிக்கப்பட்ட உறுதிமொழி பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. மக்கள் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாயினர். 1567-இல் அரபு மொழியும் மரபு உடையும் தடை செய்யப்பட்டன. 1568-இன் இறுதியில் மலை கிளர்ந்தெழுந்தது. 1571-க்குள் கிளர்ச்சி அடக்கப்பட்டு, மக்கள் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டனர். ஸ்பெயினின் வடபகுதி முதலிய இடங்களிலிருந்து புதுக்குடிகள் வந்தனர். அவர்களுக்கு நீர்முறை கற்பிக்க ஊருக்கு இரு பழைய குடும்பங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன என்று அங்கு வழிவழியாகச் சொல்லப்படுகின்றது.

கால்நடையாகக் காணுதல்

கிரனாடாவிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்று பம்பனெய்ராவில் இறங்குவோம். அதற்கு மேலே புபியோன், அதற்கும் மேலே கபிலெய்ரா என மூன்று வெண்ணிற ஊர்கள் ஒரே பள்ளத்தாக்கில் படிப்படியாக அமைந்துள்ளன. கீழூரிலிருந்து மேலூருக்கு ஏறத்தாழ 400 மீட்டர் ஏற்றம். காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் ஏறிவிடலாம். வீடுகளின் கூரை தட்டையானது. செஸ்ட்நட் மரவிட்டங்களின் மேல் கற்பலகை பரப்பி, 'லவுனா' என்னும் சாம்பல்நிறக் களிமண் கொட்டியிருப்பர். வட ஆப்பிரிக்க மலையூர்களின் வீடுகளும் இவ்வாறே அமைந்தவை.

இம்மூன்று ஊர்களுக்கும் சுற்றுலாப் பேருந்துகள் வருவதுண்டு. அமைதி வேண்டுவோர் கிழக்கே நடக்க வேண்டும். வெள்ளை, சிவப்புக் கோடுகளால் குறிக்கப்பட்ட 'ஜி.ஆர். 7' என்னும் நெடும்பாதை ஊர்களை இணைத்துச் செல்கின்றது. பித்ரெஸ், ஃபெரெய்ரோலா முதலிய ஏழு சிற்றூர்கள் சேர்ந்த பகுதிக்கு 'லா தாஹா' என்று பெயர். கீழ்ப்படிதலைக் குறிக்க நாம் வழங்கும் 'தாஅத்' என்னும் அரபுச் சொல்லே அது. ஆட்சிக்கு அடங்கிய வட்டாரம் என்ற பொருளில் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது.

நீர் பேசும் மொழி

அரபு மொழியைச் சட்டம் தடை செய்தது. வாய்க்காலில் அது தங்கிவிட்டது. வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் 'அஸெக்கியா'. நீர் பாய்ச்சுதலைக் குறிக்கும் 'அஸ்-ஸாகியா'வே அது. நீர்த்தொட்டி 'அல்பெர்கா', அரபில் 'அல்-பிர்கா'. ஒலிவக்காய் 'அஸெய்த்தூனா', நாம் அறிந்த ஸைத்தூன். சர்க்கரையைக் குறிக்கும் 'அஸூகார்' என்னும் சொல்லோ இந்திய மண்ணில் பிறந்து, பாரசீகமும் அரபும் கடந்து அங்குச் சேர்ந்தது.

சொல்லினும் வியப்பானது தொழில்நுட்பம். வேனிலில் பனி உருகும்போது மேல்மலை வாய்க்கால்கள் அந்நீரை நேரே வயலுக்குக் கொண்டு செல்வதில்லை. நீர் உறிஞ்சும் சரிவுகளில் அதனைப் பரவவிட்டு மண்ணுக்குள் இறக்கிவிடுகின்றன. இறங்கிய நீர் பாறை இடுக்குகளில் மெல்ல நகர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழிந்தபின், பனி முற்றும் கரைந்த கோடையில் கீழூர்களின் ஊற்றுகளில் வெளிப்படும். மலையையே நீர்த்தேக்கமாக்கிய இம்முறைக்குக் 'கரேயோ' என்று பெயர். வாய்க்காலின் கரை மண்ணால் ஆனது; கசியும் நீரால் செஸ்ட்நட் மரங்கள் தழைக்கின்றன. நம் ஊர் நீர்க்கட்டியைப் போன்ற 'அசெக்கியேரோ' முறைவைத்து நீர் திறந்துவிடுவார்.

இளைஞர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றமையால் பல வாய்க்கால்கள் தூர்ந்தன. வாய்க்கால் தூர்ந்தால் ஊற்று வற்றும். ஊற்று வற்றினால் ஊர் காலியாகும். 2014 முதல் கிரனாடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஊராரோடும் மாணவர்களோடும் தொண்டர்களோடும் சேர்ந்து மண்வெட்டி பிடித்துப் பழைய வாய்க்கால்களை மீட்டு வருகின்றனர். கான்யார் என்னும் சிற்றூரின் வாய்க்கால் முதலில் மீட்கப்பட்டவற்றுள் ஒன்று. ஏட்டுக்கல்வி மண்ணில் இறங்கிய அருமையான சான்று இது எனலாம்.

செல்வோர் கருத்துக்கு

ஏப்ரல் முதல் சூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நடைக்கு ஏற்றவை. நகரில் இரண்டு நாள் போதும். ஒரு சிற்றூரில் நான்கைந்து நாள் தங்கி, நாளுக்கொரு திசையில் நடப்பது நலம். பிற்பகலில் கடைகள் அடைத்திருக்குமாதலால் உணவும் நீரும் உடன்கொள்ள வேண்டும். பன்றித்தொடை உப்பிறைச்சி இவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற பண்டம். காய்கறி உணவிலும் அது கலந்திருக்கக்கூடும். ஆதலின் முஸ்லிம் பயணிகள் கேட்டறிந்து உண்பது கடமை. வாய்க்கால் மடைகளை விளையாட்டுக்கும் தொடலாகாது. அது ஒருவருடைய நீர்முறையைக் கெடுப்பதாகும். சிற்றூரில் தங்கி, அங்கே உண்டு செலவிடும் பணம் அவ்வூரில் ஒரு குடும்பம் நிலைத்திருக்கத் துணையாகும்.

முடிவுரை

அல்ஹம்ராவைக் காண வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அங்கே அரசர்களின் கலையைக் காண்கிறோம். அல்புஹாராவில் பெயர் தெரியாத உழவர்களின் உழைப்பைக் காண்கிறோம். முன்னது காட்சிப்பொருளாயிற்று, பின்னது இன்றும் வயலுக்கு நீர் தருகின்றது. அவ்வாய்க்கால்களை வெட்டிப் பேணியவர்கள் முஸ்லிம்கள். அவர்கள் அகற்றப்பட்டபின் நானூற்றைம்பது ஆண்டுகளாகத் தூர்வாரிக் காத்து வருவோர் கிறித்தவ உழவர்கள். இழந்ததை எண்ணி ஏங்குவோரும், பழம்பெருமை பேசி அமைவோரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. மக்களுக்குப் பயன்படும் நற்செயல் செய்தவரின் பெயர் மறைந்தாலும் மறைவதில்லை. காப்பவரின் சமயம் மாறினாலும் அதன் பயன் மாறுவதில்லை. ஓடும் நீர் நிலையான தர்மம் என்று நம் பெரியோர் சொல்வர். அதன் பொருளைக் கண்ணால் காண விரும்புவோர் பெருமூச்சுக் கணவாயில் நின்றுவிடாமல் மேலும் சிறிது தொலைவு நடப்பாராக.