இடம்பெயர்ந்த குழாயும் கீறலில்லா மீட்பும்

இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பை ஒட்டி அடக்கமாய் அமைந்திருப்பது கணையம். செரிமான நீரையும் இன்சுலினையும் சுரக்கும் இவ்வுறுப்பு அழற்சியுறும்போது, அதன் நீர் கசிந்து அருகே தேங்குவதுண்டு. ஏறத்தாழ 4 வாரங்களில் அத்தேக்கத்தைச் சுற்றி நார்த்திசுச் சுவர் உருவாகிறது. தனக்கென உட்படலம் இல்லாமையின் இதனைப் 'பொய்நீர்க்கட்டி' என்பர். பல கட்டிகள் தாமே வற்றிவிடும். வலி, வாந்தி, சீழ்ப்பிடிப்பு போன்றவை தோன்றினால் நீரை வடித்தல் வேண்டும்.

முன்னாளில் இதற்குப் பெரும்பாலும் வயிற்றைக் கீறவேண்டியிருந்தது. 1980-ஆம் ஆண்டில் அறிமுகமான உள்நோக்கி மீயொலிக் கருவி பின்னர் புதுவழி திறந்தது. வாய்வழியே கருவியைச் செலுத்தி, இரைப்பைச் சுவரையும் கட்டியின் சுவரையும் துளைத்து, இடையே ஸ்டென்ட் எனும் சிறு குழாயைப் பொருத்துகின்றனர். நீர் இரைப்பைக்குள் வடிகிறது. இரு முனைகளும் சுருண்ட பிளாஸ்டிக் குழாய் ஒரு வகை. உடுக்கைபோல் இடை சிறுத்த உலோகக் குழாய் மற்றொரு வகை.

இங்கே நாம் கருதவேண்டிய இடர் ஒன்றுண்டு. நீர் வடிய வடியக் கட்டி சுருங்குகிறது, குழாயும் இடம்பெயரலாம். அது கட்டியினுள் நழுவலாம். அல்லது இரைப்பையில் விழுந்து குடலுக்குச் செல்லலாம். குடலுக்குச் சென்றது தானே வெளியேறுவதும் உண்டு; அடைத்துக்கொள்வதும், அரிதாய்க் குடலைத் துளைப்பதும் உண்டு.

மீட்பதற்கும் வாய்வழியே முதல் வழி. எக்ஸ்ரே, சி.டி. படங்களால் குழாயின் இருப்பிடத்தை அறிகின்றனர். இரைப்பையில் கிடப்பதைச் சுருக்குக்கம்பியால் பற்றி இழுத்துவிடலாம். கட்டியினுள் புகுந்ததாயின், பழைய துளையைச் சிறு பலூனால் விரித்து, உட்சென்று, இடுக்கியால் பற்றுகின்றனர். துளை மூடிவிட்டால் பணி கடினமாகும். சிலருக்கு அறுவை மருத்துவமே தேவைப்படும்.

ஆதலின் காலம் தவறாமை இன்றியமையாதது. உலோகக் குழாயைப் பொதுவாக 3 அல்லது 4 வாரங்களில் படமெடுத்துப் பார்த்து அகற்றுவர். நெடுநாள் நீடித்தால் குருதிப்போக்கு நேரலாம், இரைப்பைச் சுவரினுள் குழாய் புதைந்தும் போகலாம். ஆனால் வலி நீங்கியவர் நலம் பெற்றோமென்று மருத்துவமனையை மறந்துவிடுகிறார். குழாயோ உள்ளேயே இருக்கிறது!

பொருத்திய நாளையும் அகற்றவேண்டிய நாளையும் எழுதிவைப்போம், இல்லத்தாரிடமும் சொல்லிவைப்போம். நோய் தணிந்த நாளன்று. குழாய் வெளிவந்த நாளே சிகிச்சை நிறைவுறும் நாள்.