எந்தக் குடி, எந்த ஊர்? கல்முனைக் கரையின் பெயர்களும் நம்ம வீட்டுப் பெயர்களும்



முன்பின் தெரியாத ரெண்டு பேர் நம்ம பக்கம் சந்தித்துக்கொண்டால் முதலில் என்ன கேட்கிறோம்? "எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்? யாரு மகன்?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மாமனா, மச்சானா, பங்காளியா என்று முறை கண்டுபிடித்துவிடுவோம். அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தில், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று பக்கத்தில், பழைய ஆட்கள் கேட்கும் கேள்வி வேறு. "நீங்க எந்தக் குடி?" என்பார்கள். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். அது நம்ம வீட்டுப் பேர் விசயத்துக்கும் வந்து சேரும்.

குடி என்றால் வம்சம். நமக்கு வம்சம் என்றாலே தகப்பன் வழிதான் ஞாபகம் வரும். அங்கே அப்படியில்லை. குடி தாய் வழியாக வரும். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வாப்பாவின் குடி பிள்ளைக்கு வராது. மகன் கல்யாணம் முடித்தாலும் தாயின் குடியிலேயே இருப்பான், ஆனால் அவன் பிள்ளைகள் மனைவியின் குடிக்குப் போய்விடுவார்கள். மட்டக்களப்புப் பேச்சில் இதற்கு வயித்துவார் என்று ஒரு சொல் உண்டு. வயிற்றின் வழியாக நீளும் வார் என்று பொருள். முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அதே கரையில் வாழும் தமிழ் இந்துக்களுக்கும் இதே முறைதான். அவர்களிடம் காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று பேர்கள் உண்டு. முஸ்லிம்களிடம் மரைக்கார் குடி, லெவ்வை குடி போன்றவை உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல வருசம் தங்கி ரெண்டு சமூகத்தையும் ஆராய்ந்து 2008இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டிருக்கிறார்.

ஒரே குடிக்குள் கல்யாணம் கூடாது. சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள் எல்லாம் ஒரே வயித்துவார், ஆகவே அண்ணன் தங்கச்சி முறை. மாமன் மகள் அவளுடைய தாயின் குடி. அத்தை மகள் அத்தையின் குடி, அதாவது நம்ம தகப்பனாருடைய குடி. எப்படிப் பார்த்தாலும் நமக்கு வேறு குடிதான். கட்டிக்கலாம். கணக்கு வேறாக இருந்தாலும் விடை நம்ம முறையிலேயே வந்து நிற்கிறது பாருங்கள்!

பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடிக்கு இடம் இருந்தது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் என்று ஆள் வைத்து, பள்ளிக் காரியங்களையும் கந்தூரியையும் குடிவாரியாகப் பங்கு போட்டுச் செய்தார்கள். தமிழர் கோவில்களில் அதே வேலையைச் செய்தவர் வண்ணக்கர். இளம் பிள்ளைகளில் சிலருக்கு இப்போது தங்கள் குடிப் பேர் தெரியாது. பெரியவர்களிடம் கேட்டுத்தான் சொல்வார்கள்.

இது எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். முற்காலத்தில் முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை. முக்குவருக்குத் துணையாக முஸ்லிம்கள் நின்றார்கள். வெற்றிக்குப் பிறகு அவர்களுக்கு அங்கேயே பெண் கொடுத்தார்கள், தாயோடு குடியும் வந்தது என்பது கதை. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் சத்துருக்கொண்டான் என்று ஊர் இருப்பதும் அந்தச் சண்டையால்தானாம். கதை அப்படியிருக்க, வரலாற்றில் எழுதி வைத்த செய்தி ஒன்றும் உண்டு. 1626 அளவில் போர்த்துக்கீசர் தங்கள் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி அரசன் செனரத் அவர்களைக் கிழக்கில் குடியேற்றினான். அதற்கு முன்பே அங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பதால், ஒரு ஊர் ஒரே நாளில் ஒரே ஆளால் உண்டானது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசித்தே கேட்க வேண்டும்.

ஊர்ப் பேர்களுக்கு வருவோம். கல்முனை என்றால் கல் உள்ள முனை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தை முனை என்போம். வடக்கே பூநகரி நிலத்தின் நுனிக்கும் கல்முனை என்றுதான் பேர். ஆக இது யாரோ ஒரு ராசாவின் பேர் இல்லை, இடத்தைப் பார்த்து வைத்த பேர். அந்தப் பகுதிக்குப் பழைய நிர்வாகப் பேர் கரைவாகுப்பற்று. அக்கரைப்பற்றில் மட்டும் அந்தப் பற்று ஊர்ப் பேராகவே நிலைத்துவிட்டது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மருத மரம் இருக்கிறது. மரம் சாய்ந்து நின்றதால் சாய்ந்தமருது என்பது ஊரார் விளக்கம். கைத்தறிச் சாரம், சேலையால் மருதமுனைப் பேர் நம்மில் பலருக்கும் தெரிந்திருக்கும். அட்டாளை என்றால் காவல் பரண், சேனை என்றால் காடு வெட்டிப் பயிர் செய்யும் இடம். ரெண்டும் சேர்ந்து அட்டாளைச்சேனை. பன்றிக்கும் யானைக்கும் பயந்து ராத்திரி முழுக்கப் பரணில் விழித்திருந்தவர்களின் பேர் அது. சம்மாந்துறையில் சம்பான் தோணி வந்து நின்ற துறை என்கிறார்கள். பாண்டிருப்பில் பாண்டவர் வந்து இருந்தார்கள் என்பது நம்பிக்கை. அங்குள்ள திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்புக்குப் பேர் போனது.

கல்முனைக்குடி என்றும் ஒரு பகுதி உண்டு. அங்கே கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கும். இந்தக் 'குடி' வம்சம் இல்லை, குடியிருப்பு. காத்தான்குடியும் அப்படித்தான். நம்ம பாட்டன் பூட்டன் வந்த பக்கத்தில் காரைக்குடி, மன்னார்குடி, தூத்துக்குடி இருக்கிறதே, அதே சொல்தான்.

நம்ம தோட்டத்துப் பேர்களோ துரைமார் வைத்தது. அட்டன் ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு ஊரின் பேர். பல்மோரல், ஹொலிரூட், கிளாஸ்கோ, டன்சினேன் எல்லாம் அங்கிருந்து வந்தவையே. மலையைக் கண்டதும் அவர்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலும். காடு வெட்டியவன் ஊர்ப் பேர் போர்டில் ஏறவில்லை.

சரி, ஆள் பேருக்கு வருவோம். கல்முனைப் பக்கத்து ஆட்களுக்குப் பேருக்கு முன்னால் மூன்று எழுத்து வரிசையாக வரும். ஏ.எல்.எம்., யு.எல்.எம். என்று கேட்டிருப்பீர்கள். ஏ.எல். பலருக்கு ஆதம்லெவ்வை, யு.எல். உதுமாலெவ்வை. இவை தகப்பன் பேர். கடைசி எம் முஹம்மது, அது மகனின் சொந்தப் பேரில் முதல் பாதி. மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் முழுப்பேர் முஹம்மது ஹுசைன் முஹம்மது அஷ்ரப். அதில் குடிப் பேர் எங்கேயும் இல்லை. ஆக, வம்சம் தாயோடு போகிறது, காகிதம் தகப்பனோடு போகிறது.

இந்த வித்தியாசம் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வினையாகிவிட்டது. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிரை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரையில் வீடுகள் அத்திவாரத்தோடு போயின. அந்த ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணத்தின்போது மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆனால் நிவாரண வீடு கொடுக்கும் பாரத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆண் பேரை எழுதினார்கள். தன் வீட்டை இழந்த பல பெண்களுக்குப் புது வீடு புருசன் பேரில் வந்தது. மாதர் அமைப்புகள் இதைச் சுட்டிக்காட்டிப் போராட வேண்டியிருந்தது.

காகிதத்தால் பட்ட பாடு நமக்குப் புதிதில்லை. 1948ஆம் வருசப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்டது வம்சக் கணக்கைத்தான். தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருக்கு அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்துக் காம்பராவில் பிறந்தவருக்கு அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் ஏது? 1964 அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, அஞ்சே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆன குடும்பங்கள் எத்தனை! 2003ஆம் வருச 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே, அந்த அக்டோபர் 30 முதல் இங்கே நிலையாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் வழி திறந்தது. அதே வருசம் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தி, தாய் வழியாகவும் உரிமை வரலாம் என்றார்கள். கல்முனைக் கிழவிகள் கேட்டால் இதில் என்ன புதுமை என்பார்கள்.

ஆனாலும் நம்ம பேர்ச் சிக்கல் முடியவில்லை. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. தகப்பன் பேரைத்தான் முன்னால் போடுகிறோம். கல்யாணம் முடித்தால் பொண்ணு புருசன் பேரைப் போடுகிறாள். பிரட்டில் கூப்பிடும் பேர் ஒன்று, செக்ரோலில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று. தமிழில் சொன்னதைச் சிங்களத்திலோ இங்கிலீஷிலோ எழுதும்போது ஒரு எழுத்து மாறிவிடும். சேமலாப நிதி எடுக்கப் போகும்போது, பாஸ்போர்ட் எடுக்கும்போது, வீட்டு உறுதிக்குக் கையெழுத்து வைக்கும்போதுதான் அது தெரியவரும்.

அதனால் வீட்டில் ஒரு கொப்பி போடுங்கள். பாட்டி, தாத்தா இருக்கும்போதே கேளுங்கள்: எந்தச் சீமை, எந்தக் கிராமம், எந்தக் கங்காணியோடு வந்தார்கள், முதலில் பேர் பதிந்த தோட்டம் எது, தாத்தாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யார், அவர்களில் இந்தியாவுக்குப் போனவர்கள் யார். அம்மா வழியையும் எழுதுங்கள். அம்மாவின் அம்மா பேரைக் கேட்டால் நம்மில் பலர் தலையைச் சொறிகிறோம். பிறகு வீட்டில் உள்ள எல்லாச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் கேளுங்கள். பழைய அசல் காகிதம் எதையும் கிழித்துப் போடாமல் கையோடு கொண்டு போங்கள். வீட்டு உறுதி கைக்கு வந்தால் மடித்துப் பெட்டிக்குள் வைக்கும் முன் அதில் யார் பேர் இருக்கிறது, வீட்டுப் பெண்ணின் பேரும் இருக்கிறதா என்று படித்தவரைக் கொண்டு வாசித்துப் பாருங்கள்.