மனித உருவம் கீறப் பழகுதல்: பார்த்துக் கீறுவதும் பிழை பார்ப்பதும்



வீடு, தென்னைமரம், சூரியன் என்று படம் கீறத் தொடங்கும் எங்கள் பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு வயதில் மனிதரைக் கீற முயல்வார்கள். பலர் நின்றுவிடுவதும் அந்த இடத்தில்தான். முகம் ஒருபக்கம் இழுபட்டிருக்கும், விரல்கள் முட்கரண்டி போல நிற்கும். "எனக்கு வராது" என்று கொப்பியை மூடிவிடுவார்கள். நாங்களோ "வடிவாய்த்தானே இருக்கு" என்போம், இல்லாவிட்டால் "இதை விட்டிட்டுப் படி" என்போம். இரண்டாலும் பிள்ளைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

உருவம் ஏன் பிழைக்கிறது? கண்ணால் பார்ப்பதை விட்டு, மனதில் பதிந்து கிடப்பதைக் கீறுவதால்தான். கண்கள் தலையின் மேற்பகுதியில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். கண்ணாடி முன்னால் நின்று அளந்து பாருங்கள். உச்சந்தலைக்கும் நாடிக்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண்கள் இருக்கும். உள்ளங்கையின் அடியை நாடியில் வைத்தால் விரல்நுனி நெற்றியைத் தொடும். கை அவ்வளவு பெரியது. பிள்ளைகள் கீறும் கையோ அதில் பாதிதான்.

நிமிர்ந்து நிற்கும் வளர்ந்தவரின் உயரம் சராசரியாக ஏழரைத் தலை அளவு. பிறந்த குழந்தைக்கு அது நான்கு. கம்பீரமாகத் தெரியட்டும் என்று ஓவியப் புத்தகங்கள் பலவற்றில் எட்டுத் தலை வைத்திருப்பார்கள். அந்தப் புத்தகங்களில் வருகிறவர்களும் பெரும்பாலும் இளம் ஐரோப்பியர்கள். முதுகு வளைந்து சேலை உடுத்திருக்கும் அப்பம்மா அந்தக் கணக்கில் அடங்கமாட்டா. ஆகவே கணக்கைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, ஆளைப் பார்த்துத்தான் கீறவேண்டும். கையை முழங்கை மடியாமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியிலிருந்து பெருவிரல் வரை தலையின் அளவை எடுங்கள். பிறகு உடல் எத்தனை தலை என்று எண்ணுங்கள்.

பார்த்துக் கீற ஆள் தேடி வெளியே போகத் தேவையில்லை. வெங்காயம் உரிக்கும் அம்மா இருக்கிறா, இரவு வேலை முடித்துவந்து கதிரையிலேயே நித்திரையாகிப்போன அப்பா இருக்கிறார். கைத்தொலைபேசியோடு ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்கும் அண்ணனை விடவா நல்ல மாதிரி கிடைக்கப்போகிறது! ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் போதும். கண் மூக்கு வேண்டாம். உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எதில் தங்குகிறது என்பதை மட்டும் பிடியுங்கள். ஒற்றைக் காலில் பாரம் வைத்து நிற்பவரின் தொண்டைக் குழியிலிருந்து திறப்புக் கட்டிய நூலொன்றைத் தொங்கவிட்டால், அது அந்தக் காலின் கணுக்காலுக்குக் கிட்ட வரும். படத்தில் அப்படி வராவிட்டால் உருவம் விழப்போவது போலத் தெரியும். சேலை மடிப்புகளும் நினைத்த இடத்தில் தொடங்குவதில்லை. தோள், இடுப்பு, முழங்கால் என்று துணி பிடிபடும் இடத்திலிருந்துதான் ஓடும்.

அடுத்தது பிழை பார்ப்பது. ஓவியர் வான் கோ 27 வயதில், 1880இல் தான் ஓவியராவதென்று முடிவெடுத்தார். சார்ள்ஸ் பார்க் என்பவரின் பயிற்சிப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கீறினார். 1885இல் நெதர்லாந்தின் நியூனென் கிராமத்தில் 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தைத் தீட்டுமுன், அங்குள்ள குடியானவர்களின் முகங்களை மாதக்கணக்காகக் கீறிப் பழகினார். அதே காட்சியை ஒரே நாளில், நினைவிலிருந்து, கல்லச்சுப் படமாக்கி நண்பர் வான் றப்பார்டுக்கு அனுப்பினார். ஒரு பெண்ணின் கை உண்மையாக இல்லை, ஓர் ஆணுக்கு முழங்காலும் வயிறும் எங்கே என்றெல்லாம் நண்பர் கடுமையாக எழுதினார். வான் கோ அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். நட்பும் அதோடு முறியத் தொடங்கியது. என்னைக் கேட்டால், கையையும் முழங்காலையும் சுட்டிக் காட்டியதில் பிழையில்லை. சொன்ன விதந்தான் பிழை. ஓவியத்தைப் பார்க்காமல் கல்லச்சுப் படத்தை மட்டும் பார்த்தே அவர் அவ்வளவும் எழுதினார். ஆனாலும் வான் கோ பழகுவதை விடவில்லை. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1890 யூனிலும், பார்க்கின் பயிற்சிகளை மறுபடி கீற விரும்பித் தம்பிக்கு எழுதியிருக்கிறார். உருளைக்கிழங்கு ஓவியம் இன்று ஆம்ஸ்ரடாம் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கைகளைக் காட்டுங்கள்.

வீட்டில் பிழை சொல்பவர் படத்தையும் ஆளையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லவேண்டும். "சரியில்லை" என்று சொல்வதை விட்டு, "இடது முழங்கை இடுப்புக்கு மேலே நிற்குது, அம்மாவுக்கு எங்கே நிற்குது பார்" என்று கேளுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பிழை காணும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படத்தை இழுக்கவே வேண்டாம். கேட்க ஆளில்லாத நேரம் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், கோணல் உடனே தெரியும்.

இடப்பெயர்வில் படங்களெல்லாம் போய், அப்பப்பாவின் அடையாள அட்டைப் படம் ஒன்று மட்டும் மிஞ்சிய வீடுகள் எங்களுக்குள் எத்தனையோ. அவரை முழு உருவமாகக் கீற ஒரு பேரப்பிள்ளை ஆசைப்பட்டால் வழியிருக்கிறது. முகத்துக்கு அந்தப் படம். உடம்புக்கு, அவரைப் போன்ற உடல்வாகுள்ள சித்தப்பாவை வேட்டியுடன் கதிரையில் இருத்துங்கள். அடையாள அட்டைப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ, விளக்கையும் அந்தப் பக்கமே வையுங்கள். சித்தப்பாவைப் படம் எடுத்துக் கீறுவதானால் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நின்று எடுக்கவேண்டும். கிட்ட நின்றால் முன்னுக்கு இருக்கும் முழங்கால் ஊதித் தெரியும். கீறியதை அப்பப்பாவோடு வாழ்ந்தவர்களிடம் காட்டுங்கள். "அவர் தோளை இப்படி நிமிர்த்தமாட்டார், வலப்பக்கம் கொஞ்சம் பதிஞ்சிருக்கும்" என்று பெரியத்தை சொல்வா. அந்தத் திருத்தத்தை எந்த ஓவிய ஆசிரியராலும் சொல்லமுடியாது. திருத்திய பிறகு படத்தின் பின்பக்கத்தில் அப்பப்பாவின் பெயர், ஊர், ஆண்டு, திருத்தம் சொன்னவரின் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.