உறக்கமும் உழைப்பும்: தோட்டப்புறம் முதல் தொழிற்சாலை வரை

சிலாங்கூரின் வடபகுதியில், அம்பாங் பெச்சா தொடங்கிக் கோல சிலாங்கூர் வரை அமைந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில், நம் முன்னோரின் நாள் கதிரவனுக்கு முன்பே தொடங்கியது. இருளிலேயே எழுந்து, பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, விளக்கொளியில் பால்மரம் சீவச் சென்றனர். நிருவாகத்தின் கண்டிப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று. வெயில் ஏறுவதற்கு முன் இலைகளின் வழியே நீர் ஆவியாவது குறைவு. ஆதலால் பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பாலும் நன்கு வடியும். மரத்தின் இயல்பே மனிதனின் விழிப்பு நேரத்தை வகுத்தது.

அந்த வாழ்வில் துன்பங்கள் மிகுதி. எனினும் உறக்கத்திற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சேர்ந்து எழுந்த தோட்டம் முன்னிரவிலேயே அடங்கியது. பின்னர் இரப்பர் இருந்த இடத்திற்குச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தோட்ட மக்களின் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் காவற்பணிக்கும் வாகனம் ஓட்டும் பணிக்கும் சென்றனர். இவ்வாரம் பகல், அடுத்த வாரம் இரவு எனச் சுழலும் வேலைநேரம் அவர்கள் வாழ்வில் நுழைந்தது. விடியுமுன் எழும் வழக்கம் பலருக்கு நீடித்தது. முன்னிரவில் உறங்கும் வழக்கமோ மறைந்தது.

இவ்வாறு உறக்கம் குறைந்த தொழிலாளி வேலையில் தவறிழைக்கும்போது அவருக்குக் கிடைக்கும் பெயர் ‘சோம்பேறி’. இப்பெயர் பொருந்துமா என்பதே இங்கு நாம் ஆராயவேண்டிய வினா.

நம் விழிப்பை இரண்டு ஆற்றல்கள் ஆள்கின்றன. முதலாவது உறக்க அழுத்தம். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது. உறங்கும்போது அது குறைகிறது. காப்பி அதனை நீக்குவதில்லை. அதன் செயலைச் சிறிது நேரம் மறைக்கிறது, அவ்வளவே. இரண்டாவது உடலின் உட்கடிகாரம். இது ஒளியைக் கொண்டு பகலையும் இரவையும் அறிகிறது. இக்கடிகாரத்தின் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரவு வேலை செய்பவர் பகலில் படுத்தாலும், இக்கடிகாரம் ‘இது விழிக்கும் நேரம்’ என்றே உணர்த்துகிறது. அதனால் அவருடைய உறக்கம் குறுகியும் கலைந்தும் போகிறது.

உறக்கக் குறைவு முதலில் தாக்குவது உடல் வலிமையை அன்று, இடைவிடாத கவனத்தையே. சில நொடிகள் கண் திறந்திருக்கும், மூளையோ உறங்கிவிடும். இதனை நுண்துயில் என்பர். நகரும் பட்டையில் வரும் பொருள்களைச் சோதிப்பவருக்கு அந்நொடிகளில் பழுதான பொருள் கண்ணில் படாமல் கடந்து போகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து நான்கு நொடிகளில் 100 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பணியில் இக்கேடு மிகுதி. எழுத்துப் பணியிலோ நினைவு தடுமாறும்; ஒருமுறை முடித்ததை மறுமுறை செய்ய நேரும்; சிறு சொல்லுக்கும் சினம் எழும்.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வான் டோங்கனும் டிங்கெஸும் பிற ஆய்வாளரும் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. அதில் சிலர் பதினான்கு நாள்கள் இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் உறங்கினர். இறுதியில் அவர்களுடைய கவனம், இரண்டு இரவுகள் வரை அறவே உறங்காதவரின் நிலைக்குத் தாழ்ந்தது. ஆயினும் தாங்கள் அத்துணை தளர்ந்திருப்பதை அவர்கள் உணரவில்லை. ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று கூறுபவரின் சொல்லை நாம் ஏன் முழுமையாக நம்பலாகாது என்பது இதனால் விளங்கும்.

மற்றோர் ஆய்வு 1997இல் வெளிவந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலையை ஒத்திருந்தது. நம் நாட்டில் வாகனமோட்டிகளுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வகுத்த எல்லையும் அதே 50 மில்லிகிராமே. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கூடுதல் நேர வேலையும் முடித்து, இரவு பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவர் சரியாக 17 மணி நேரம் விழித்திருந்தவரே. அவர் ஒரு துளியும் அருந்தியிருக்க வேண்டியதில்லை.

நம் கடிகாரத்தையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. இன்று சிலாங்கூரில் கதிரவன் உச்சியை அடைவது நண்பகல் 12 மணிக்கன்று. ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. ஆகவே கடிகாரம் ஐந்து காட்டும்போது, கதிரவனின் கணக்கில் நான்குகூட ஆகியிராது. உடலின் விழிப்புத்திறன் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில்தான் நம்மவர் பலர் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கின்றனர்.

தீர்வுகள் அரியவை அல்ல. வேலைநேரத்தைக் காலை, மாலை, இரவு என்னும் வரிசையில் முன்னோக்கிச் சுழற்றினால் உடல் எளிதில் ஏற்கும். இரவுப் பணியின் இடையில் இருபது நிமிடத் துயில் கவனத்தை மீட்கும். 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி வார வேலை 48 மணி நேரத்திலிருந்து 45ஆகக் குறைந்தது. சட்டம் உழைப்பின் அளவைக் குறைக்கலாம்; உறக்கத்தின் ஒழுங்கை வேலையிடமும் குடும்பமும்தாம் அமைக்க வேண்டும். பகலில் உறங்குபவருக்கு இருண்ட அறையும் ஓசையற்ற சூழலும் தருவது வீட்டாரின் கடமை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பாடவேளையில் மேசைமீது தலை சாய்க்கும் மாணவனின் வீட்டில், நள்ளிரவில் வேலை முடித்துத் திரும்பும் தந்தையும் விடியுமுன் புறப்படும் தாயும் இருக்கலாம். அவனைக் கடிந்துகொள்ளுமுன், ‘நேற்று எத்தனை மணிக்கு உறங்கினாய்?’ என்று கேளுங்கள். மடி வேறு, உறக்கக் குறைவு வேறு. முன்னது மனத்தின் குறை. பின்னது உடலின் தேவை. இவ்வேறுபாட்டை இன்று வகுப்பறையில் உணரும் மாணவன், நாளை மேற்பார்வையாளனாக அமரும்போது தன் தொழிலாளியைச் ‘சோம்பேறி’ என்று எளிதில் அழைக்கமாட்டான்.